செவலையின் மணி

உழவுசாலில் மயிலைக் காளை மறுபடியும் படுத்துவிட்டது.

"ஏலே, எந்திரி!" சுருளிவேல் வாலை முறுக்கினான். எழுந்தது. நாலு எட்டு நடந்ததும், பக்கத்தில் பூட்டியிருந்த புதுக்காளையைத் திரும்பிப் பார்த்தது. உடனே முன்னங்கால்களை மடக்கியது.

கூடலூர் வயல்களில் தண்ணீர் பாய்ந்துவிட்டது. இந்த வாரம் உழாவிட்டால் நடவு போச்சு. மயிலையின் ஜோடி செவலை போன மாதம் பாம்பு கடித்துச் செத்தது. அதன் வெண்கல மணியைத்தான் சுருளிவேல் புதுக்காளையின் கழுத்தில் கட்டியிருந்தான். நல்ல மணி, சும்மா கிடப்பானேன்?

"உழவுல படுக்குற மாடு வீட்டுக்கு ஆகாது" என்று ஆள் அனுப்பினான். சாயங்காலமே தங்கபாண்டி வந்துவிட்டான். குமுளி வழியாக மலைக்கு அந்தப் பக்கம் அடிமாடு ஓட்டுகிற வியாபாரி. உலகச் சண்டைக் காலம், கறிக்கு ஏக கிராக்கி.

சுருளிவேலின் மனைவி ராமுத்தாய் காட்டிய கழுநீரை மயிலை மோந்துகூடப் பார்க்கவில்லை. தங்கபாண்டி கயிற்றைப் பிடித்து இழுக்க, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனது.

படலைத் தாண்டும்போது, தொழுவத்தில் புதுக்காளை ஈ விரட்டத் தலையை உதறியது. மணி கணகணத்தது.

மயிலை காதை விடைத்து நின்றது. அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்தது. தங்கபாண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தொழுவத்துக்குள் ஓடியது. புதுக்காளையின் கழுத்தை மோந்தது. பெருமூச்சு விட்டது. அப்படியே படுத்துவிட்டது.

ராமுத்தாய் ஓடிவந்தாள். "இந்தாங்க, அது சண்டித்தனம் பண்ணல. மணிச் சத்தத்தைக் கேட்டுச் செவலையத் தேடுது!"

தங்கபாண்டி சிரித்தான். "ஏன் தங்கச்சி, செவலைக்கு வாக்கப்பட்டா வந்துச்சு? மாட்டுக்கு ஏது ஏக்கம்?"

"நீங்க சும்மா இருங்கண்ணே." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல, எங்க ஊரு ஆளு குரல் கேட்டா வாசலுக்கு ஓடுவேன்ல? அப்ப என்னய எந்த யாவாரிக்குக் குடுத்தீக?"

அவள் மணியை அவிழ்த்தாள். "காலையில ஒரு உழவு பாருங்க. படுத்தா நானே புடிச்சுத் தாரேன்."

விடிந்ததும் மணி இல்லாமல் ஏர் பூட்டினான். தங்கபாண்டி கயிற்றோடு வரப்பில் குந்தியிருந்தான். மயிலை தயங்கித் தயங்கி நடந்தது. வயலின் கோடியில் நின்று பக்கத்தில் பார்த்தது. சுருளிவேல் சாட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, அதன் முதுகைத் தடவினான்.

"நடடா தம்பி. எனக்கும்தான் அவன் இல்லாம என்னமோபோல இருக்கு."

மயிலை காலை எடுத்து வைத்தது. படுக்கவில்லை.

"மாப்ள, வெயிலுக்கு முன்ன மலை ஏறு" என்றான் சுருளிவேல், வரப்புப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே.

கஞ்சி கொண்டுவந்த ராமுத்தாயிடம், "மணி எங்கன புள்ள?" என்று கேட்டான்.

"நெல்லுப் பானைக்குள்ள."

"நல்லா அமுக்கி வையி. சத்தம் கேட்டுறப் போகுது."