ரேகை விழாத கை

“லைட்டை இந்தப் பக்கம் புடிப்பா, நிழல் விழுது” என்று ஏட்டு சொல்ல, அவள் கொழுந்தன் தன் செல்போன் வெளிச்சத்தைத் திருப்பினான். வெள்ளைத் துணிக்கு வெளியே ஒரு வலது கை மட்டும் தெரிந்தது. அவள் பிணவறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தக் கையை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் அவள் புருஷன் உயிரோடு இருந்தான்.

காலையில் அவன் ஏறிப்போன பஸ் லாரியில் மோதியிருந்தது. இந்த உடம்புக்கு முகம் இல்லை, சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. விரல் நுனியைப் போனில் படம் எடுத்தால் ஆள் யாரென்று அதுவே சொல்லிவிடும் என்றார் ஏட்டு.

“எங்க அண்ணனா இருந்தா அது சொல்லாது சார். டைல்ஸ் போடுறவரு. ஆதார் எடுத்தப்ப இருந்த ரேகையெல்லாம் சிமெண்டுல தேஞ்சுபோச்சு. எந்த மிஷின்லயும் விழாது.”

குடும்பத்துக்கே தெரிந்த வேடிக்கை அது. வேலை நடக்கும் இடத்தில் விரலைப் படம் பிடித்துத்தான் வருகை போடுவார்கள். மற்றவர்கள் உள்ளே போய் டீயே குடித்து முடித்திருப்பார்கள், இவன் மட்டும் விரலை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். “நான் எவன் வீட்டுல பூந்தாலும் கண்டுபுடிக்க முடியாதுடி” என்று வீட்டில் வந்து பீற்றிக்கொள்வான். “கிழிச்சீங்க! சொந்த வீட்டுல சர்க்கரை டப்பாவைத் தொறந்தாலே மாட்டிக்கிற ஆளு” என்பாள் அவள்.

ஆகவே, ரேகை விழ வேண்டும் என்று இப்போது வேண்டினாள். வேறு எவள் புருஷனாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். இப்படி வேண்டுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

போன் ‘டிங்’ என்றது.

“விழுந்துருச்சு. ஒரே தடவைல.”

“அப்ப அவரு இல்ல!” அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “அவருக்கு விழாது சார்!”

ஏட்டு போனைக் கொழுந்தனிடம் காட்டினார்.

“அண்ணி… இதுல அண்ணன் போட்டோ வருது.”

“இருக்காது. இன்னொரு தடவை எடுங்க.”

எடுத்தார். மறுபடியும் ‘டிங்’.

“கொஞ்ச நாளா வேலைக்குப் போகலையாம்மா?” என்று கேட்டார் ஏட்டு. “கைக்கு ஓய்வு கெடைச்சா ரேகை திரும்ப வந்துரும்.”

கொழுந்தன் சொன்னான். “மஞ்சள் காமாலை சார். ரெண்டு மாசமா படுக்கை. அண்ணி ஒரு துரும்பைத் தொட விடல. இன்னைக்குத்தான் மொத நாள் கெளம்பினாரு.”

அவள் கிட்டே போய் அந்தக் கையை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். வெடிப்பெல்லாம் ஆறி, விரல் நுனியில் மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாக ஓடின. இரண்டு மாதமும் சாயங்காலம் தவறாமல் எண்ணெய் தடவி அவள் கொண்டுவந்த ரேகை அது.

ஏட்டு துணியை இழுத்து மூட வந்தார்.

“இருங்க சார்” என்றாள். சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

“போதும் அண்ணி, வாங்க.”

“இரு தம்பி, இன்னொரு கை பாக்கி இருக்கு” என்று துணிக்குள் கையை விட்டாள்.