நாரை வரும் வரைவும் வராத வரைவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. வேலையில் வந்து மாட்டிக்கொண்டது. ‘இரும்பு நாரை’ என்ற சிறுவர் தொலைக்காட்சித் தொடர் ஜப்பானில் இருபத்தைந்து வருடமாக ஞாயிறு காலையில் ஓடுகிறது. அதற்கு ஒரு சிறப்புப் படம் எடுக்கிறார்கள். இரும்பு உடை போட்டுச் சண்டையிடும் நாயகர்களில் முதல் நாரை திரும்பி வருவதுதான் கதை. தயாரிப்பாளர் நிஷிகோரி வசனகர்த்தாவான என்னைக் கூப்பிட்டார்.

“சென்செய், ரெண்டு வரைவு எழுதிடுங்க. தொகியெதா வந்தா ஒண்ணு, வரலைன்னா ஒண்ணு.”

(சென்செய் என்பது, பெயரோடு சேர்க்கும் ‘சான்’ போல, மரியாதைதான். எங்கள் தொழிலில் ஒருவரிடம் இரண்டு மடங்கு வேலை வாங்கப்போகும்போது தவறாமல் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

‘பனி மூடிய கல்குவாரியில் ஒரு நாயகன் தனியாக நின்றான்...’

வேண்டாம். யாரும் தனியாக நிற்கவில்லை. அடித்துவிட்டேன்.

2

தொகியெதா சோமா பத்தொன்பது வயதில் முதல் நாரையானவர். மூன்று வருடம் நடித்துவிட்டு விலகினார். இப்போது நாற்பத்து நான்கு வயது, மேடை நாடகங்களில் நடிக்கிறார். அவருக்குப் பிறகு எட்டு பேர் நாரையாகிவிட்டார்கள். ஆனால் கையைச் சுழற்றி உருமாறியதும் இரும்பு உடைக்குள் இருப்பவர் எப்போதும் ஒரே ஆள்தான். அவர் பெயர் குராபே. நெருப்பில் நடப்பதும் மலையிலிருந்து குதிப்பதும் அவர். முகம் கொடுத்த நடிகர் பிறகு வந்து குரல் கொடுத்துவிட்டுப் போவார்.

வராத வரைவு சுலபம். நாரை முகமூடியோடு வரும், அடிக்கும், தலையாட்டும், போகும். வாய் திறக்காத நாயகனைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும், நடிகர் வரவில்லை என்று.

குராபேவுக்கு அறுபத்தொன்று. இந்தப் படத்தோடு உடையைக் கழற்றி வைக்கிறார். சந்தோஷப்படுவார் என்று நினைத்து அவரிடம் ஓடினேன்.

“தொகியெதா வரலைன்னா முழுக்க முழுக்க நீங்கதான், குராபே சான்!”

“முழுக்கன்னா? முகமூடியைக் கழட்டலாமா?”

“அது... முடியாது.”

“நாரை பேசுமா?”

“பேசாது.”

“அப்புறம் என்ன முழுக்க? கடைசித் தடவையும் வாயில்லாப் பொம்மையா நின்னுட்டு வீட்டுக்குப் போகணுமா? போய் அந்தப் பயலைக் கூட்டிட்டு வாங்க!”

3

பழைய தொடர் கூப்பிட்டால் நடிகர் வந்தே ஆகவேண்டுமா? மூன்று வருடம் நடித்தவர் ஆயுளையே எழுதிக் கொடுத்தாரா என்ன? இதற்கு நான் நான்கு பக்கம் கட்டுரை எழுதினேன். பாதிப் பக்கம் வரை தொகியெதா கட்சி, மீதி முழுக்க குராபே கட்சி. வாசகரே, உங்களைக் காப்பாற்றுவதற்காக அதைக் கிழித்துவிட்டேன்.

தொகியெதாவை வில்லனாக்கவும் ஆசைப்பட்டேன். [கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அவர் என்னை ஏற இறங்கப்...]

பொய். நாடக அரங்கின் ஒப்பனை அறையில் அவர் தரையில் சப்பணமிட்டு ஓனிகிரி சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார். மீசையில் ஒரு பருக்கை சோறு.

“ரசிகர்கள் இருபத்தஞ்சு வருஷமா...” என்று ஆரம்பித்தேன்.

“அவங்களுக்கு நான் பாக்கி எதுவும் வைக்கலை. அந்த வயசுல என்ன இருந்துச்சோ அத்தனையும் குடுத்துட்டேன்,” என்றார். பிறகு கையில் இருந்ததைக் கீழே வைத்தார். “போன மாசம் ரயில்ல ஒருத்தர் என் கையைப் புடிச்சிட்டு அழுதாரு, சென்செய். நாரை மலையிலேர்ந்து குதிச்சதைப் பார்த்துதான் நோயோட போராடுனேன்னாரு. குதிச்சப்ப நான் எங்க இருந்தேன் தெரியுமா? வேனுக்குள்ள. பன்னு தின்னுட்டு இருந்தேன்.”

“குரல் உங்களோடதுதானே?”

“அதுவும் திருட்டு! குராபே சான் முகமூடிக்குள்ள எல்லா வசனத்தையும் கத்துவாரு. கத்தினாத்தான் தோள் அசையும்பாரு. டப்பிங்ல நான் அதைக் காதுல மாட்டிக் கேட்டு, மூச்சு மூச்சா காப்பி அடிச்சேன். அப்புறம் அவர் குரலை அழிச்சிட்டாங்க. ஊரே கொண்டாடுச்சே ஒரு கத்தல், அது அவரோட கத்தல்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. இதைவிட நல்ல வசனம் நான் எழுதியதே இல்லை. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

“அப்போ வரமாட்டீங்களா?”

“வர்றேன். ஆனா உடைக்குள்ள. எப்பவும் உடம்பு ஒருத்தர், முகம் ஒருத்தர்தானே? இந்தத் தடவை மாத்திப் போடுங்க. முகமூடி கழண்டா குராபே சான் முகம் தெரியட்டும்.”

4

ரயில் நிலைய பெஞ்சிலேயே மூன்றாவது வரைவை, கடைசிக் காட்சி தவிர, எழுதி முடித்தேன். இரண்டு ரயிலை விட்டேன். போனில் கேட்ட நிஷிகோரி அலறினார்.

“யாரு இந்தத் தாத்தான்னு பிள்ளைங்க கேக்குமே!”

“கேக்கட்டும்!” என்றேன். தயாரிப்பாளரிடம் நான் இப்படிப் பேசியதே கிடையாது.

“குராபே சான் சரின்னா சரி,” என்றார் கடைசியில்.

இனி இந்தக் கதைக்கு முடிவு.

அ) குராபே மறுக்கிறார். உள்ளே இருப்பவன் முகம் காட்டக்கூடாது என்பது உடை அணிபவர்களின் மானம். இது நியாயமான முடிவு, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆ) ஒத்துக்கொள்கிறார். முதல் குதிப்பிலேயே தொகியெதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு...

போன் அடித்தது. குராபே.

“அந்தப் பயல் உடைக்குள்ள வர்றானாமே, நிஷிகோரி சொன்னாரு? இடுப்புக்குத் துணி கட்டாம இறங்கினா முறிஞ்சிடும். நானே வந்து கட்டிவிடறேன்.”

“அப்போ நீங்க...”

“சென்செய், முகமூடி கழண்டப்புறம் நான் பேசணுமா?”

“பேசணும். உங்க குரல்ல. யாரும் அழிக்கமாட்டாங்க.”

“எத்தனை வரி?”

“ஒண்ணு.”



“ஒண்ணு போதும். சீக்கிரம் அனுப்புங்க. கத்தியே பழக்கமாயிடுச்சு, மெதுவா பேசிப் பாக்கணும்.”

போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். அழுது முடித்துவிட்டு எழுதினேன்:

நாரை முகமூடியைக் கழற்றுகிறது. உள்ளே குராபே. நம்மைப் பார்த்துச் சொல்கிறார்:

அவ்வளவுதான். பதினோரு முறை எழுதி அடித்துவிட்டேன். எல்லாமே வசனகர்த்தாவின் வசனம். இருபத்தைந்து வருடம் குரல் அழிக்கப்பட்ட மனிதருக்கு நான் எழுதினால் அது மறுபடியும் இன்னொருவர் குரலாகிவிடாதா? அவரையே ஒரு வரி சொல்லச் சொல்லிக் கேட்டும் பார்த்தேன். “ஐயோ, எனக்கு எழுதிக் குடுங்க. எல்லா நடிகருக்கும் எழுதித்தானே குடுக்கறீங்க?” என்றார்.

வாசகரே, அந்த இடம் இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள். படப்பிடிப்பு வியாழன் காலை. செவ்வாய்க்குள் வேண்டும். மனுஷன் பேசிப் பார்க்க வேண்டாமா?