தட்டில் ஊற்றிய தண்ணீர்

இருபத்திரண்டாம் நாள் காலையிலும் இன்குபேட்டர் பெட்டிக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. அவள் மூடியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டுப் பார்த்தாள். பல்பு எரிகிறது, சின்ன ஃபேன் சுற்றுகிறது, அவ்வளவுதான். கோழிமுட்டை பொரிய இருபத்தொரு நாள். ஒரு நாள் முன்னே பின்னே ஆகும் என்று நேற்று முழுக்கத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாயிற்று. இன்றைக்கும் அதையே சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. குஞ்சு வரும் என்று நம்பி வேலைக்கு லீவு வேறு போட்டிருந்தாள்.

உள்ளே இருந்தது இருபத்தாறு முட்டை. நான்கு வருடமாக அவள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த புள்ளிக்கோழிகளின் கடைசி முட்டைகள். போன மாதம் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒரே வாரத்தில் கூண்டைத் துடைத்துப்போட்டுவிட்டது. சேவல்கூட மிஞ்சவில்லை. அதற்கு முன்பே எடுத்துச் சமையலறைக் கூடையில் வைத்திருந்த முட்டைகள்தான் மிச்சம். இவை பொரிந்தால் அந்தக் கோழிகள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. யாரிடம் போய் நியாயம் கேட்பது?

முதலில் பாதியைப் பெட்டியிலும், பாதியைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் அடைக்கோழிக்கும் ஒரே நாளில் வைத்தாள். அந்தக் கோழிக்கு மகாராணி என்று பட்டப்பெயர். ஒன்பது நாள் உட்கார்ந்தது, கிட்டே போனவர்களையெல்லாம் கொத்தியது. பத்தாம் நாள் காலையில் எழுந்து, கோவித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பும் மருமகள் மாதிரி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

"எனக்கே அடங்காது, உங்களுக்கா அடங்கப்போவுது?" என்றாள் தையல்காரம்மா, ஊசியில் நூல் கோத்தபடியே.

முட்டைகளில் இன்னும் சூடு இருந்தது. அவற்றையும் அள்ளிப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டிக்காவது கோபம் வராது என்று நினைத்தாள், பாவம்.

பெட்டியைச் செய்து கொடுத்தவன் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அவள் தம்பி. தெர்மாகோல், பல்பு, மூடியில் ஒரு கண்ணாடி, முட்டைகளுக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு. "அக்கா, தினம் ஒரு டம்ளர் தண்ணி. ஒண்ணே ஒண்ணு. அதை மட்டும் மறந்துடாத" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனான். மறப்பாளா? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பகலெல்லாம் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தோள் கழன்று வந்தாலும், செருப்பைக் கழற்றிய கையோடு போவது டம்ளரை எடுக்கத்தான். தட்டில் எப்போதும் தண்ணீர் கிடந்தது. கிடந்தால் என்ன, அளவு அளவுதானே என்று ஊற்றினாள். மூடிக் கண்ணாடி வியர்த்து வழிந்தது. நல்ல ஈரம் என்று சந்தோஷம் வேறு. பதினெட்டாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது முட்டையின் தடித்த முனையில் இருக்கவேண்டிய காற்றறை சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் தெரிந்தது. தூக்கம் சொக்கும் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்று டார்ச்சை அணைத்துவிட்டாள்.

இப்போது மூடியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்தாள். தட்டினாள். பதில் இல்லை. ஓட்டை மெல்ல உடைத்தாள். உள்ளே முழுக் குஞ்சு. அலகு, நகம், உடம்போடு ஒட்டிக் கிடந்த ரோமம், எல்லாம் இருந்தது. கூடவே கலங்கிய நீர் விரலிடுக்கில் ஒழுகியது. ஈரம் மிஞ்சி, முட்டைக்குள் வற்றவேண்டிய நீர் வற்றாமல், மூச்சு விட வேண்டிய நேரத்தில் மூழ்கிச் செத்திருக்கிறது. இரண்டாவதும் அப்படித்தான், மூன்றாவதும். நான்காவதை உடைக்கக் கை வரவில்லை. அவளுக்கு அழவேண்டும்போல இருந்தது. அழுவதற்கும் அலுப்பாக இருந்தது.

ஏழு மணிக்கு அவள் கணவர் மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து வந்தார். அவளை வீட்டில் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு தரையில் கிடந்தவற்றைப் பார்த்தார்.

"கரெண்ட் போச்சா?"

"இல்ல."

"தண்ணி காஞ்சிருக்கவும் வழியில்லையே. நான்தான் தினம் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் ஊத்திட்டுப் போறேனே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் தம்பி எனக்கும் போன் பண்ணிச் சொன்னான். நீ வர்ற அலுப்புல மறந்துட்டா என்ன பண்றதுன்னுதான்..."

வந்த ஆத்திரத்துக்கு அந்த டம்ளரைத் தூக்கி எறிந்திருப்பாள். ஆனால் அவர் கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. பஞ்சுத்தூசி தலையெல்லாம். இந்தத் தலையோடு, தூக்கம் போதாத கண்ணோடு, இவரும் தினமும் மறக்காமல் ஊற்றியிருக்கிறார்.

"நானும்தான் ஊத்தினேன்" என்றாள்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பச் சொல்றது?"

அவர் கிளம்புவது சாயங்காலம் ஐந்துக்கு, அவள் வருவது ஆறுக்கு. அவர் திரும்புவது காலை ஏழுக்கு, அவள் போவது ஆறரைக்கு. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டபுள் டியூட்டி. அவர் ஏதோ யோசித்தார், மனதுக்குள் நாட்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போவது முகத்தில் தெரிந்தது.

"கோழிங்க செத்த அன்னிக்குப் பேசினோமே" என்றார்.

"அது போன்ல" என்றாள் அவள்.