மருந்து பட்ட கீரை

சனிக்கிழமைச் சந்தையில் அவளை எல்லோரும் கீரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும் அந்தச் சந்தையில் தரகருக்கு இடமில்லை. விளைவித்தவரே விற்க வேண்டும். பூச்சிமருந்து பட்ட எதையும் கொண்டுவரக் கூடாது. அங்கே ஒரு கடை போடுவதற்காக அவளும் கணவனும் மூன்று வருடம் பூச்சியோடு மல்லுக்கட்டியிருந்தார்கள்.

அன்று விடிந்ததும் இருவரும் வயலோரம் கீரைக்கட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு நெடி மூக்கில் ஏறியது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் மருந்து அடித்துக்கொண்டிருந்தான். காற்று இவர்கள் பக்கம்தான் வீசியது.

“அண்ணே, நிறுத்துண்ணே. எல்லாம் இங்கதான் வருது.”

“ஆரம்பிக்கும்போது காத்து அந்தப் பக்கம் இருந்துச்சும்மா. என் பயிரையும் பூச்சி தின்னுதே, நான் என்ன செய்யட்டும்?”

அவன் பொய் சொல்லவில்லை. சண்டை போடக்கூட வழியில்லாமல் போனது.

“அலசிட்டா போச்சு. யாருக்குத் தெரியும்?” என்றான் கணவன்.

வண்டியில் போகும்போது அவளும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டு போனாள்.

கடை விரித்ததும் முதல் ஆளாக டீச்சர் வந்தாள். ஏழு மாத வயிறு. வாராவாரம் இவளிடம் மட்டுமே கீரை வாங்குகிறவள். வழக்கம்போல ஒரு இலையைக் கிள்ளி வாயில் போடப் போனாள்.

கீரையக்கா அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

“வேணாம்மா. மருந்து பட்டிருக்கு.”

“நீங்களா அடிச்சீங்க?”

“இல்ல. எங்கண்ணன் நிலத்துலேருந்து வந்துச்சு. ஆனா பட்டது பட்டதுதானே.”

டீச்சர் இலையைக் கீழே போட்டு, விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தாள். “சொன்னீங்களே, அது போதும்” என்றாள். ஆனால் நிற்கவில்லை.

பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லித்தான் சந்தைப் பொறுப்பாளர் வந்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தியே பேசினார்.

“ஒரு வருஷத்துக்கு நீங்க கடை போட முடியாதும்மா. எல்லாருக்கும் ஒரே விதிதான்.”

“அடுத்த வருஷம் காத்து திரும்பாதுன்னு யார் சார் எழுதிக் குடுப்பாங்க?”

அவரே கூடையைத் தூக்கி வண்டியில் வைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் குழி வெட்டினான். ஆடு வாய் வைத்துவிடக் கூடாதே என்று ஆழமாக வெட்டினான். இருவரும் கட்டுக்கட்டாகப் போட்டார்கள். பாதியில் அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?”

“இருந்திருக்கலாம்” என்றான் அவன். மண்ணைத் தள்ளுவதை மட்டும் நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்தான். களையெடுக்க ஆள் தேவைப்படுகிறது, வருகிறாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் அரிசிப்பானை அடி தெரிந்துகொண்டிருந்தது. மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டி அவன் நிலத்தில் இறங்கினாள்.