அப்பாவுக்குக் காட்டிய கடல்

சுபோதினி வெளிநாட்டுக்காரருக்குக் கட்டில் வாடகைக்கு விடத் தொடங்கிப் பல வருடங்களாகிவிட்டன. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அவளுடைய வீடு. கீழ்த்தளத்து இரண்டு அறைகளிலும் இரட்டைத்தட்டுக் கட்டில்கள் போட்டிருந்தாள். முதுகில் பெரிய பையோடு, கையில் கொஞ்சக் காசோடு நாடு நாடாகச் சுற்றுகிறவர்கள்தான் அங்கே வந்து தங்குவார்கள். அவர்களுடைய வழக்கமெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. கேத்திலில் நூடில்ஸ் அவிப்பார்கள். குளியலறைக் கதவில் உடுப்புக் காயப்போடுவார்கள். பையை இறக்கிய கையோடு கடல் பார்க்க ஓடுவார்கள்.

சவுலே ஓடவில்லை.

தாஷ்கந்திலிருந்து சார்ஜா வழியாக, இருந்ததிலேயே மலிவான விமானத்தில் வந்தவள் அவள். காலையில் வந்து மேல்தட்டுக் கட்டிலில் ஏறித் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். மத்தியானம் தாண்டியும் வெளியே வரவில்லை. பிள்ளைக்கு உடம்புக்கு ஏதுமோ என்று சுபோதினி பிளேன்ரீயோடு போனாள். சவுலே விழித்துத்தான் இருந்தாள். தேநீருக்குப் பதிலாகப் பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை உருண்டையை எடுத்து நீட்டினாள். காயவைத்த தயிராம். கல் போல இருந்தது, உப்பென்றால் அப்படியொரு உப்பு.

இருவருக்கும் தெரிந்தது அரைகுறை ஆங்கிலம்தான்.

"கடற்கரைக்குப் போகவில்லையா?" என்று சுபோதினி கேட்டாள். "மரைன் டிரைவைக் கடந்தால் கடல்."

"அப்பா வேலை முடிந்து வர மாலையாகும். அவரோடு சேர்ந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். போனில். நான் இதுவரை கடல் பார்த்ததில்லை."

"உங்கள் ஊரில் கடல் இல்லையா?"

சவுலே கொஞ்சம் யோசித்தாள். "கப்பல் இருக்கிறது. கடல் இல்லை."

சுபோதினிக்கு விளங்கவில்லை. சவுலே தன் போனைத் திறந்து படமொன்றைக் காட்டினாள். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். மணலில் துருப்பிடித்த கப்பல்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் நிழலில் மாடொன்று படுத்திருந்தது. உஸ்பெகிஸ்தானில் அந்த ஊருக்கு முய்னாக் என்று பெயராம், முன்பு துறைமுகமாம். கடலுக்கு வரும் ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் கடல் பின்வாங்கத் தொடங்கியதாம். பிள்ளைகள் அதைத் தேடித் தேடிப் போனார்களாம். ஒருநாள், நடந்து போய்த் திரும்ப முடியாத தூரத்துக்கு அது போய்விட்டதாம்.

சுபோதினி நேரே சமையலறைக்குப் போய்க் கணவர் சண்முகலிங்கத்தைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, கடல் வத்திப்போன ஊர்ப்பிள்ளை ஒண்டு வந்திருக்கு."

"குளம் எண்டு சொல்லியிருக்கும். உமக்கு விளங்கேல்லைப் போல."

"குளத்திலை கப்பல் ஓடுமே? நான் படம் பாத்தனான்."

சண்முகலிங்கம் வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தை விட்டுவிட்டு எழுந்துபோய் அந்தப் படத்தைப் பார்த்தார். திரும்பி வந்தவர் வெங்காயத்தைத் தொடவே இல்லை.

வெயில் சாயும் நேரம் பெண்கள் இருவரும் புறப்பட்டார்கள். சவுலேயிடம் இன்னும் இந்த ஊர் சிம் இல்லை. தன்னுடைய போனில் அப்பாவுக்கு எடுக்கலாம் என்று சுபோதினி சொல்லியிருந்தாள். மரைன் டிரைவைக் கடந்து ரயில் பாதையருகே வரவும், கோட்டை நிலையத்திலிருந்து கோச்சி வந்துவிட்டது. பெட்டிப் பெட்டியாக, வாசலெல்லாம் ஆட்கள் தொங்க, அது கடகடவென்று முன்னால் போனது. கடைசிப் பெட்டி விலகிய இடத்தில் கடல் நின்றது.

சவுலே தண்டவாளத்தின் மேல் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"பாதையிலை நிக்காதை பிள்ளை, வா," என்று சுபோதினி தமிழிலேயே சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். அவளும் விளங்கியவள் போல வந்தாள்.

கற்களைத் தாண்டி மணலில் இறங்கி அப்பாவை அழைத்தார்கள். திரையில் வெறுஞ்சுவர் ஒன்று தெரிந்தது, அதன் முன்னால் அவர். முகம் மழித்து, கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, கலியாண வீட்டுக்குப் புறப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார். சவுலே போனின் கமராவைக் கடல் பக்கம் திருப்பிவிட்டு, திரைக்குள் அவரையே பார்த்தாள்.

அவர் அசையவில்லை. போனில் படம் உறைந்து நின்றுவிட்டதென்று சுபோதினி நினைத்தாள். பிறகு அவருடைய கை மெல்ல மேலே போய்த் தொப்பியைக் கழற்றியது. ஏதோ கேட்டார்.

"என்ன கேட்கிறார்?"

"போகிற தண்ணீர் திரும்பி வருகிறதா என்று."

அலை வந்து, சறுக்கி, பின்னால் போனது. சுபோதினி அதைப் பார்த்தாள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதல் அவளுக்குக் கடலென்றால் யன்னல் கம்பியைத் தின்னும் உப்புக்காற்று, அவ்வளவுதான். இன்றைக்கு, போன அலை திரும்பி வரும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வந்தது. முன்னையதைவிடப் பெரிதாக, இரைந்துகொண்டு வந்தது.

"ஓம் எண்டு சொல்லு," என்று தலையையும் ஆட்டித் தமிழிலேயே சொன்னாள். "எப்பவும் வரும் எண்டு சொல்லு."

மறுநாள் காலை சவுலே கண்டிக்குப் போயிருக்க வேண்டியவள். போகவில்லை. அயலவர்களும் பார்க்க வேண்டுமென்று அப்பா கேட்டிருந்தார்.

அன்று மாலை சண்முகலிங்கமும் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கூட வந்தார். திரை நிறைய முதியவர்கள். பின்னால் ஒரு பெண், தன் குழந்தையைத் தூக்கிக் கடலைக் காட்டிக்கொண்டு நின்றாள். தூரத்தில் போன மீன்பிடிப் படகைக் கண்டதும், அது எந்த வகைப் படகென்று அங்கே ஒரே சண்டை. எல்லாரும் திரையில் விரலை வைத்து வைத்துக் கத்தினார்கள்.

"எங்கடை ஆக்கள் மாதிரியே கதைக்கினம்," என்றார் சண்முகலிங்கம்.

ஓரத்திலிருந்த ஒருவர் மெதுவாக ஏதோ சொன்னார். மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"அவர் கப்பலில் வேலை செய்தவர்," என்றாள் சவுலே. "இப்போது கண் தெரியாது. காற்றுத்தான் கேட்கிறதாம், கடல் கேட்கவில்லையாம்."

சுபோதினி போனை வாங்கினாள். நீளச் சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"ஏய், சுபோ! இழுத்துக்கொண்டு போயிடும்!"

"சத்தம் போடாதேங்கோ. அவருக்குக் கேக்கட்டும்."

காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குனிந்து, உள்ளங்கையால் போனுக்கு மறைப்புக் கட்டி, அலை உடைகிற இடத்துக்கு நேரே பிடித்தாள். நுரை இடுப்புவரை ஏறியது. அவள் கையை எடுக்கவில்லை. திரையில் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண் தெரியாத அந்த முதியவர் மட்டும் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார்.