ஒரு டம்ளர் கூடுதல்

மஞ்சுளா மேடம் கையில் வாங்கிய காகிதக் கப், டீ ஆறுவதற்குள் எவர்சில்வர் டம்ளராகிவிடும். திருச்செங்கோட்டுப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் அட்மிஷன் பிரிவுக்குத் தலைவராக அவர் வந்த கோடையிலேயே இது தொடங்கிவிட்டது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கல்லூரிக்காரர்கள் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். மேடமும் உதவியாளர் கௌதமனும் ஒரே காரில் போவார்கள். வீட்டுக்காரர்கள் கௌதமனைத்தான் தலைவர் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். பிறகு மேடத்திடம் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஓமலூர் என்றால், ஓமலூரில் எங்கே என்பார்கள். காலனி என்று அவர் மறைக்காமல் சொல்வார். கௌதமனுக்கு டம்ளரில் டீ வரும், மேடத்துக்குக் காகிதக் கப்பில். டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு இது வலிக்காதா? வலித்தது. இருந்தாலும் சிரித்தபடி வாங்கிக் குடித்தார். சீட் நிரம்பாவிட்டால் பழி அவர் தலையில்தான் விழும்.

கப் மாறியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிக்கல் வேறு. அந்த டம்ளரில் அந்தந்த வீட்டுக்காரர் பெயரே வெட்டியிருக்கும். கழுவி அடுக்கிவிட்டால் எது பழசு, எது மேடம் குடித்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. எவர்சில்வர் விற்கிற விலையில் எல்லாவற்றையும் தூக்கிப் போடவும் மனசு வராது. ராசிபுரத்தில் ஒருவர் காந்தம் வைத்துக்கூடப் பார்த்தாராம். கடைசியில் கல்லூரித் தாளாளர் சண்முகவேலிடம் புகார் போனது. அவர் நல்ல மனுஷர்தான், வம்பு மட்டும் ஆகாது. இனி தலைவர் பொறுப்பைக் கௌதமன் பார்க்கட்டும், மேடம் ஹாஸ்டலைக் கவனிக்கட்டும் என்று முடிவு செய்தார். பாடுபட்டது ஒருவர், நாற்காலி இன்னொருவருக்கு. கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

"நான் சேர்த்த அட்மிஷன்ல குறை இருந்தாச் சொல்லுங்க சார், நானே போயிடறேன்" என்றார் மேடம். தாளாளர் இருவரையும் ஏற்றிக்கொண்டு காரை எடுக்கச் சொன்னார்.

குமாரபாளையத்தில் தறி ஓட்டும் பூவாத்தாளின் மகள் சௌந்தர்யா அந்த வருஷம் நல்ல மார்க். அவளுடைய அண்ணனை முந்தின வருஷம் மேடம்தான் சேர்த்திருந்தார். கௌதமனைப் புதுத் தலைவர் என்று அறிமுகப்படுத்திவிடலாம் என்பது தாளாளரின் கணக்கு. மூன்று பேரும் உட்கார்ந்ததும் பூவாத்தாள் ஒரே தட்டில் மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தார். தாளாளர் கை நீட்டவில்லை. போன வருஷம் மேடம் குடித்தது இதில் எது என்று மெல்லக் கேட்டார்.

"தெரியலீங்க" என்றார் பூவாத்தாள். "ஒரு வருசமா எல்லாத்துலயுந்தான் நாங்க குடிச்சுட்டிருக்கறோம். பெரியவன அவிங்கள நம்பித்தான் உட்டோம், நல்லாப் படிக்கறான். சின்னவளயும் அவிங்ககிட்டத்தானுங்க உடுவேன். அவிங்க இல்லீன்னா வேற காலேஜு பாத்துக்கறமுங்க."

டீயில் ஆடை படிய ஆரம்பித்தது. தாளாளர் கையில் கிடைத்த டம்ளரை எடுத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். கௌதமனும் குடித்தார். மேடத்தின் டம்ளர் டம்ளராகவே இருந்தது. புதுத் தலைவர் பேச்சு அன்றும் எழவில்லை, அப்புறமும் எழவில்லை.

மேடம்தான் இன்றைக்கும் தலைவர். சில வீடுகளில் இன்னமும் காகிதக் கப்தான் வருகிறது, அதுவும் வழக்கம்போல் மாறிவிடுகிறது. பாத்திரம் துலக்கும்போது ஒரு டம்ளர் கூடுதலாக இருந்தால், அட்மிஷன் மேடம் வந்துபோனார் என்று சொல்லி, அதையும் மற்றவற்றோடு கவிழ்த்துவைக்கிறார்கள்.