என் வீட்டுக்காரரின் ஸ்பானிஷ் மந்திரம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு காரியத்தைத் தொட்டால் முடிக்காமல் விடத் தெரியாது. மற்ற பெண்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். நான் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

சண்டைக்கு முன்னால் அவர் மலாக்கா ஆற்றோரம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணியாக இருந்தார். மணிலாவோடு கொப்பரை வியாபாரம் செய்த கம்பெனி. ஸ்பானிஷ் படித்துக்கொண்டால் மணிலாக் கடிதங்களை உன்னிடமே விட்டுவிடுகிறேன், சம்பளமும் கூட்டித் தருகிறேன் என்று துரை ஆசை காட்டி ஒரு தடிப் புத்தகத்தையும் கொடுத்தார். இவர் பாதியைத் தாண்டுவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். துரை கப்பலேறினார். கம்பெனிக் கதவில் பூட்டு தொங்கியது. மணிலாவும் ஜப்பான்காரன் கைக்குப் போனது. இவர் மட்டும் புத்தகத்தை மூடவில்லை.

ஊரே நிப்போன்கோ படித்துக்கொண்டிருந்தது. நாலு ஜப்பான் வார்த்தை தெரிந்தவனுக்கு ஆபீசில் வேலையும் அரிசியும் கிடைத்தன. நீங்களும் போய்ப் படியுங்களேன் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடக்கூடாது என்றார். பகலெல்லாம் வீட்டுப் பின்னால் மரவள்ளிக்கு மண் அணைப்பார். விளக்கு வைக்கும் நேரத்தில் கை கால் கழுவிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து ஆரம்பிப்பார்.

"கோமா, கோமாஸ், கோமா, கோமாமோஸ், கோமாயிஸ், கோமான்."

தொண்டையில் மீன்முள் சிக்கியவன் பேச்சு மாதிரி இருக்கும். வாய்ப்பாடு போலத் திரும்பத் திரும்பச் சொல்வார். இது என்ன எழவு என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. புத்தகத்தோடு அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"இது நடக்கிறதச் சொல்ற வினை இல்ல, கமலம். நடக்கணும்னு ஆசப்படறதச் சொல்றது. நான் சாப்பிடணும், நீ சாப்பிடணும், அவன் சாப்பிடணும், நாம சாப்பிடணும்..."

அன்றைக்கும் சட்டியில் மரவள்ளிதான். சாப்பாடு என்பது நடக்கிற காரியமாக இல்லாமல் ஆசைப்படுகிற காரியமாகத்தான் இருந்தது என்பதால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

காஜா பெராங்கில் எங்கள் வீடு ஒரே கூரைக்குக் கீழே இரண்டாகத் தடுத்த வீடு. நடுவில் பலகைச் சுவர். அந்தப் பக்கம் சந்திரமதி இருந்தாள். அவள் புருஷன் தியாகுவைச் சயாமில் ரயில் பாதை போட என்று புக்கிட் ரம்பாய்ப் பக்கத்தில் ஒரு லாரி நிறைய ஆட்களோடு பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தகவல் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் பலகைக்கு இந்தப் பக்கம் யாரோ புரியாத பாஷையில் அடங்கிய குரலில் பேசுவது அவள் காதில் விழுந்தது. அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பொன்னுதுரை அண்ணன், அதாவது இவர், வீட்டில் ரேடியோ வைத்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு ரேடியோ கேட்டால் தலை போகும். பேச்சுக்குச் சொல்லவில்லை. வெட்டிய தலையைப் பாலத்தடியில் பார்த்து வந்தவர்கள் இருந்தார்கள்.

ஒருநாள் வேலியோரம் வந்து நின்றாள். சயாம் பக்கம் என்ன நடக்கிறதென்று ரேடியோவில் சொன்னார்களா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பவில்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

பிறகு ரேஷன் வரிசையில் ஆட்கள் என் வீட்டுக்காரரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கினார்கள். மனிதர் பயத்தில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "எங்கிட்ட ரேடியோ இல்ல" என்று காதோடு சொல்வார். ரேடியோ இல்லாதவன் எதற்கு அதைக் காதோடு சொல்லவேண்டும்? கேட்டவன் அவர் தோளைத் தட்டிவிட்டு, நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போவான். ஒருத்தர் முட்டை கொடுத்தனுப்பினார். ஒருத்தர் கருவாடு. பத்து பெரெண்டாமிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த ஒருவர், வெள்ளைக்காரன் எப்போது திரும்புவான் என்று மட்டும் சொன்னால் போதும் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். கருவாட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பசி யாரை விட்டது?

ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தப் புத்தகத்தை மூடுங்கள் என்று கெஞ்சினேன். இந்தப் பாடம் முடியட்டும் என்றார். முடியட்டும் என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது என்றும் சொல்லிக் காட்டினார்.

ஒரு சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் போலீஸ்காரர் பிச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே இடுப்பில் வாளோடு ஒரு ஜப்பான் அதிகாரி. ஊர் வாய் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இவர் சுவரோரம் உட்கார்ந்து கோமா கோமாஸில் இருந்தார். ரேடியோ இல்லை, சரி. ஆனால் அந்தப் புத்தகத்தில் இருப்பது வெள்ளைக்காரன் எழுத்து. அதை வைத்துக்கொண்டு எந்தத் துரைக்குச் செய்தி அனுப்புகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? புத்தகத்தைப் பிடுங்கி, சரஸ்வதி பூசைக்கு வைப்பதுபோல் சாமி மாடத்தில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் அப்பினேன். இவர் சட்டையைக் கழற்றி, நெற்றி தோள் மார்பு எல்லாம் விபூதி பூசினேன்.

"சாமி பாட்டு ஏதாவது பாடுங்க. வாயத் திறங்க" என்றேன்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மனிதர் கண்ணை மூடிக் கைகூப்பினார். நான் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொடுத்த பாட்டு ஒன்றுகூட அந்தத் தலையில் நிற்கவில்லை. பயத்தில் அவருக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கோமா, கோமாஸ், கோமா..."

தாலியைப் பிடித்துக்கொண்டேன். தொலைந்தோம் என்று நினைத்தேன். வேறு வழி தெரியாமல் மணியை எடுத்து ஆட்டினேன்.

இங்கே பிச்சையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கம்போங் செட்டிக்காரர். பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட, ஆனாலும் எங்களைப்போலவே சாமி கும்பிடுகிற சனம். ஆனால் தமிழ் தெரியாது. வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். கோயிலில் ஐயர் சொல்லும் மந்திரமும் தமிழ்ப் பாட்டும் அவருக்கு ஒன்றுதான். இரண்டும் புரியாது, இரண்டுக்கும் கைகூப்புவார். பிறந்ததிலிருந்து அப்படியே கும்பிட்டு வந்தவர் அன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு, தொப்பியை எடுத்துவிட்டு, பயபக்தியோடு இவர் பின்னால் நின்றார்.

அதிகாரி ஏதோ அதட்டினான். பிச்சை மலாயில் மெதுவாகச் சொன்னார்.

"செம்பாயாங், துவான்."

சாமி கும்பிடுகிறார், ஐயா என்று அர்த்தம். என்ன சொல்லிக் கும்பிடுகிறான் என்று அவன் அரைகுறை மலாயில் கேட்டான். பிச்சை கொஞ்சமும் தயங்கவில்லை. இது தமிழ் வேண்டுதல், என் தாத்தா காலத்திலிருந்து கேட்டு வருகிறோம், எங்களுக்கும் புரியாது, சாமிக்குப் புரியும் என்றார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

அதிகாரி கூரையில் குத்திப் பார்த்தான். மரவள்ளிச் சட்டியைத் திறந்து பார்த்தான். பாயை உதறினான். சாமி மாடத்துப் பக்கம் கை நீண்டபோது, துவான், வேண்டாம் என்று பிச்சை தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அவன் கையை இழுத்துக்கொண்டான். அவன் ஊர்க் கோயிலிலும் புரியாத மந்திரம் சொல்வார்களோ என்னவோ, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். இவரோ கண்ணைத் திறக்கவில்லை. சாப்பிடுவதை முடித்துவிட்டுக் குடிப்பதற்குப் போய்விட்டார். "பேபா, பேபாஸ், பேபா..." குடிப்பதும் முடிந்த பிறகு பிச்சை என்னிடம் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டார். இருவரும் போய்விட்டார்கள்.

பூட்ஸ் சத்தம் மறைந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனேன். விளக்கின்மேல் சத்தியம் செய்யுங்கள், இனிமேல் இந்த வீட்டில் ஸ்பானிஷ் கேட்கக்கூடாது என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் சத்தியம் செய்தார். என் புருஷன் தலை கழுத்தில்தான் இருக்கிறது என்பதை நானும் அப்போதுதான் நம்பினேன். உட்கார்ந்து அழுதேன்.

அந்த நேரம் பார்த்துச் சந்திரமதி பின்வாசலில் வந்து நின்றாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. உன் வாயால்தானே இவ்வளவும் வந்தது என்று தாறுமாறாகத் திட்டினேன். அவள் திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றாள். பலகை இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஜப்பான்காரனே தொப்பியை எடுத்த மந்திரம் என்கிறாள். அதைத் தியாகுவுக்காக ஒருதரம் சொல்லவேண்டுமாம்.

மந்திரமும் இல்லை, மண்ணும் இல்லை, அது ஸ்பானிஷ் பாடம் என்று உடைத்துச் சொல்லிவிட்டேன். நடக்கணும்னு ஆசைப்படுவதைச் சொல்கிற வார்த்தை, அவ்வளவுதான் என்றேன். அவள் முகம் விழுந்துவிடும் என்று பார்த்தேன். அவள் என்னைத் தாண்டி இவரைப் பார்த்தாள்.

"திரும்பி வரட்டும்னு அதுல சொல்ல முடியுமாண்ணே?"

இவர் என்னைப் பார்த்தார். புத்தகம் இன்னும் என் கையில்தான் இருந்தது. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் அவள். அவள் நிலையில் நான் இருந்திருக்கவேண்டியது கொஞ்சத்தில் தப்பியது. அவள்மேல் கோபம் தீரவில்லை. இருந்தும் புத்தகத்தை இவரிடம் நீட்டினேன்.

பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரல் வைத்தார். "வுவெல்வா" என்றார். அவன் திரும்பி வரட்டும்.

அவளும் திக்கித் திக்கிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு யோசித்தாள்.

"இவரு மட்டுமா போனாரு? லாரி நிறைய ஏத்திட்டுப் போனாங்களேண்ணே. அவங்கல்லாம்?"

"அதுக்கும் ஒண்ணு இருக்கும்மா. வுவெல்வான்." அவங்க எல்லாரும் வரட்டும்.

இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறதென்று இவர் குரல் காதோடு பேசுகிற அளவுக்கு அடங்கியிருந்தது. நான் எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்தேன். தெருவில் யாரும் வரவில்லை.

"கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.